நாற்பதுக்குள் அடங்காத அணி

இங்கிலாந்தில் நான் இருந்தது ஒரே ஒரு வருடம். பொறியியல் படிப்பின் நடுவில், வேலைப் பயிற்சிக்காகப் போய்ப் பெரியம்மா வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். வாரத்தில் ஒரு மாலை பெரியம்மாவின் மகன், என் அண்ணா, என்னை ஸ்பீட்வே பார்க்கக் கூட்டிப் போவார்.

பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்கள். முட்டை வடிவ மண் பாதையில் நான்கு சுற்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் அணிக்கு இருவராக நான்கு பேர். முதலாவதுக்கு மூன்று புள்ளி, கடைசிக்குப் பூச்சியம். எல்லோரும் ஓட்டத்தைப் பார்த்தார்கள். நான் வாசலில் தரும் புரோகிராம் தாளில் புள்ளிகளை எழுதி, ஓட்டுநர்களின் சராசரியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்தவன் பட்டியலின் அடியில் இருந்த ஒரு இளைஞன். வசந்தத்தில் விழுந்து விழுந்து எழும்பினான். இலையுதிர்காலத்தில் எல்லோரையும் முந்தினான். அடுத்த வருடம் அவன் எங்கள் அணியில் இல்லை என்று அண்ணா சொன்னார்.

"ஏன்? நல்லாத்தானே ஓடினவன்?"

"நல்லா ஓடிப்போட்டான். அதுதான் அனுப்புகினம்."

ஒரு அணியில் உள்ளவர்களின் சராசரிகளைக் கூட்டினால் குறித்த வரம்பைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. அந்தக் குளிர்காலம் முழுக்க அது எப்படி வந்தது என்று தேடித் தேடி வாசித்தேன். ஒரு காலத்தில் பலத்தைச் சமப்படுத்த ஒரு குழு உட்கார்ந்து, இன்னார் இன்ன ஊருக்கு என்று ஓட்டுநர்களைப் பங்கிட்டிருக்கிறது. யாருக்குத்தான் அது பிடிக்கும்? பிறகு ஆட்களின் இடத்தில் எண் வந்தது. எண்ணையும் அப்படியே விடவில்லை. வரம்பை ஏற்றினார்கள், இறக்கினார்கள். புதிதாக வருபவனுக்கு ஒரு உத்தேசச் சராசரி கொடுத்தார்கள். உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சராசரியில் கொஞ்சம் குறைத்துக் கழிவு கொடுத்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் யாரையோ இழந்த ஒரு ஊர் இருந்திருக்க வேண்டும்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு எனக்கு ஸ்பீட்வே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்மின்ரன் இருந்தது. ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபம்; அம்மா அப்பாவின் ஊரில் இருந்த ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் இங்கே ஒரு பழைய மாணவர் சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓர் அணி. அந்தப் பள்ளிக்கூடங்களை நாங்கள் கண்டதில்லை. அம்மா படித்தார் என்பதற்காக அந்தப் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஆடினோம்.

டோர்செட் பார்க்கில் என் கட்டடத்திலேயே இருந்த ஒருத்தி எனக்கு இரட்டையர் ஜோடி. முதல் நாள் சப்பாத்துக்கூடச் சரியில்லாமல் வந்தாள். மூன்று வருடத்தில் நான் எங்கே நகரப்போகிறேன் என்பது எனக்கு முன் அவளுக்குத் தெரிந்தது. நாங்கள் ஆடும்போது பேசுவதில்லை. போகும் வழியெல்லாம், வரும் வழியெல்லாம் பேசுவோம்.

மூன்று வருடமும் கோப்பை எங்களுக்குத்தான். போட்டியை நடத்தும் அண்ணை ஒருநாள் என்னை மறித்தார்.

"தங்கச்சி, உந்தக் கோப்பையை நீங்களே வீட்டை வச்சிருங்கோ. மற்ற ஆக்கள் இனி வரமாட்டினமாம். வந்து றோல்ஸ் திண்டிட்டுப் போறதுக்கு ஏன் வெளிக்கிடுவான் எண்டு கேக்கினம்."

"அதுக்கு ஒரு வழி இருக்கு அண்ணை," என்றேன்.

இரண்டு மாலைகளில் விதியை எழுதினேன். வென்ற ஆட்டங்களை ஆடிய ஆட்டங்களால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் ஒருவரின் சராசரி. அணியில் ஆறு பேர். கூட்டுத்தொகை நாற்பதைத் தாண்டக் கூடாது. புதியவருக்கு மூன்று. அணி தானே வளர்த்தவருக்குப் பத்தில் ஒரு பங்கு கழிவு என்ற வரியையும் எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். அதனால் அந்த வருடம் பயன் பெறக்கூடிய ஒரே அணி எங்களுடையது. எனக்காக எழுதியது போல் இருக்கும் என்று தோன்றியது.

எல்லா அணிகளுக்கும் கணக்குப் போட்டேன். எங்களுடையது நாற்பது தசம் மூன்று.

என் ஜோடியின் சராசரி ஏழு தசம் ஒன்பது; அவள் எங்கள் அணியே வளர்த்தவள். நான் அழித்த அந்த ஒரு வரி இருந்திருந்தால் அடங்கியிருப்போம். யாராவது ஒருவர் போக வேண்டும். நான் போகிறேன் என்று சொல்லத்தான் காரில் அவளுக்காகக் காத்திருந்தேன். நான் போனாலும் ஜோடி உடையும் என்பது தெரியாமல் இல்லை.

அவள் ஏறி, பெல்ற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "சீரியஸ்லி? உன்ர ரூலை நீயே ஒருக்கா வாசிச்சுப் பாக்கேல்லையோ?"

"வாசிச்சனான்."

"யூனியன்வில் ரீம் ஆக்கள் என்னைக் கேட்டவை. நம்பர் வண் இடமாம். நான் போறன். நீ போனா உன்னை ஆர் எடுக்கிறது?"

அது பகிடிதான். இருவரும் சிரித்தோம். பிறகு கென்னடி வீதி முழுவதும் அவள் வானொலியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தப் பருவம் மண்டபம் நிறைந்தது. கோப்பை வேறு கைக்குப் போனது. அண்ணை எல்லோரிடமும் என்னைக் காட்டி, "உவதான் கணக்கு எழுதின பிள்ளை" என்றார். நான் ஒரு புதிய பெண்ணுடன் ஆடினேன். நல்ல பிள்ளை. பந்து நடுவில் வந்தால் இருவரும் நின்றுவிடுவோம், அல்லது இருவரும் பாய்வோம். இரண்டாவது மைதானத்தில் என் பழைய ஜோடியின் சப்பாத்துச் சத்தம் கேட்கும். திரும்பாமலே அவள் எந்த மூலைக்கு ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

பருவம் முடிந்ததும் கூட்டத்தில் கழிவு வரியை முன்வைத்தேன். மற்ற அணிகளும் இப்போது ஆட்களை வளர்த்திருந்ததால் எல்லோரும் கை உயர்த்தினார்கள். யூனியன்வில்லுக்குப் போனவளுக்கும் அது பொருந்துமா என்று கேட்டேன். வளர்த்த அணிக்குத் திரும்பினால் பொருந்தும் என்றார்கள். அன்று மாலையே கணினியைத் திறந்தேன்.

யூனியன்வில்லில் அவளுடைய சராசரி ஒன்பது தசம் ஒன்று ஆகியிருந்தது. கழிவு போக எட்டு தசம் இரண்டு. எங்கள் மற்ற ஐவரின் எண்கள் அசையவே இல்லை. கூட்டினேன். நாற்பது தசம் ஆறு.

மற்ற நால்வரில் ஒருவரைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. என் பெயரை எடுத்துவிட்டு ஒரு புதியவரைப் போட்டுப் பார்த்தேன். தாராளமாக அடங்கியது. அவளுக்குப் போன் எடுத்து அதை அப்படியே சொன்னேன்.

"நீ இல்லாட்டி நான் ஏனடி அங்க வாறன்?" என்றாள்.

"சும்மா கணக்குத்தான் சொன்னனான்."

"ஓம். கணக்கு," என்றாள். போனை வைக்காமல், என் பெயரைத் திரும்பப் போட்டு மறுபடியும் கூட்டினேன்.