இன்குபேட்டருக்குக் காட்டிய கற்பூரம்

எர்ணாவூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், எலும்பில் விழுந்த இடைவெளியை நிரப்பும் பீங்கான் மணிகளைச் சோதிக்கிறோம். பார்க்க ரவை மாதிரி இருக்கும். மணிகள் ஊறிய திரவத்தை உயிருள்ள செல்கள்மேல் விட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர் என்ற பெட்டியில் இரண்டு நாள் வைப்போம். செல்கள் செத்தால் அந்தச் சரக்கு வெளியே போகாது. ராயபுரத்தில் எங்கள் வீட்டாருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. அண்ணனுக்கு மட்டும் இன்றைக்கும் நான் ரவை ஊறவைக்கிறவள்தான்.

அவன் துறைமுகத்தில் கப்பலில் கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டுகிறவன். போன வருஷம் கட்டுக்கம்பி ஒன்று கழன்று அடித்ததில், முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒரு துண்டு போயே போயிற்று. காலைச் சுற்றிக் கம்பிக்கூடு மாட்டிப் படுக்க வைத்தார்கள். இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி நிரப்பலாம் என்றார் டாக்டர். கண்டெய்னர் அடுக்குகளில் அத்தனை உயரத்தில் தொங்குகிறவன், இடுப்பில் கத்தி என்றதும் வெளிறிப்போனான். அப்படியானால் பீங்கான் மணிதான் வழி. டாக்டர் கேட்ட அளவிலான சரக்கோ எங்கள் கூடத்தில் கடைசிச் சோதனையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. ஞாயிறு பூசை தவறாத கிறிஸ்தவள் நான். ஆனாலும் வருஷாவருஷம் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுவது நான்தான், பொரிகடலை பங்கு போடுவதும் நான்தான். செல் அறைக்குள் மட்டும் புகை கூடாது. அந்த விதியை எழுதிக் கதவில் ஒட்டியவளும் நான்தான்.

அன்று கற்பூரத் தட்டோடு அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனேன். அண்ணனுக்குப் போகிற சரக்கு அங்கே இருக்கும்போது வெளியிலேயே நின்றுவிட மனம் வரவில்லை. மூடிய பெட்டிக்குக் காட்டினால் எடுபடாது என்று இன்குபேட்டரைத் திறந்து, உள்ளே மூன்று சுற்று காட்டினேன். கூடவே அந்தோணியாரையும் வேண்டிக்கொண்டேன். யாரும் விட்டுப்போகக் கூடாதே.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், செல்களெல்லாம் உருண்டு மிதந்தன. மணித் திரவம் விட்டவை மட்டுமல்ல, எதுவும் விடாமல் ஒப்பிடுவதற்காக வைத்திருந்தவையும் செத்திருந்தன. ஆக, மணி நல்லதா கெட்டதா என்று ஒன்றும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவதா சிரிப்பதா என்று அவருக்கே பிடிபடவில்லை. பெட்டியைச் சுத்தம் செய்து, புதுச் செல் வளர்த்து, முதலிலிருந்து தொடங்க மூன்று வாரம் ஆகும் என்றார்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் கிண்டலடிப்பான் என்று நினைத்தேன். அவன் கிண்டலடிக்கவில்லை. இதுவரை வந்த சரக்கெல்லாம் நன்றாகத்தானே இருந்தது, இதையும் நல்லது என்று எழுதிவிட்டால் என்ன என்று அண்ணி கேட்டார். எனக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. முடியாது அண்ணி என்றேன். மூன்று வாரம் அவனைக் கூடுதலாகப் படுக்கப் போட்டவளே நான், இதில் நியாயம் பேசுகிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அண்ணன் போனை எடுத்தான்.

"டாக்டரு, என் தங்கச்சி இன்னும் டெஸ்ட் பண்ணிக்கினு கீது. அது கையெழுத்து போட்டாத்தான் என் கால்ல வைக்கணும். அதுவரைக்கும் நான் படுத்துக்கினு இருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் தடவை செல்கள் பிழைத்தன. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷமாக நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மணிகள் எத்தனை பேருடைய கால்களுக்குள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.