உபவாச வெள்ளியில் இரண்டு இட்லி

"மாத்தரை முழுங்கற புள்ள, நோவுக்காரங்களுக்கு எப்படீங்க ஜெபம் பண்ணும்? கூட்டத்தை வேற ஆளுகிட்டக் குடுத்தர்லாம்."

எங்கள் சபை மூப்பர் என்னை அருகில் வைத்துக்கொண்டே பாஸ்டரிடம் இப்படிக் கேட்டார். எடப்பாடியில் விசைத்தறி ஓடும் தெருவில் இருக்கிறது சபை. அங்கே பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவள் நான். முப்பது வயதில் எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரம் அது.

வீம்புக்கு ஒன்று செய்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு எப்போதும்போல வெறும் வயிற்றோடு போனேன். மாத்திரையை மட்டும் காலையில் விழுங்கிக்கொண்டேன். சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். வாசித்துவிட்டுத்தான் மீறினேன்.

மூன்றாவது வெள்ளி. பாடிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கியது. முதுகெல்லாம் வியர்வை. நாக்கு குழறி, விழுந்தேன்.

"அபிஷேகம் எறங்கிருச்சு!" என்று, பரிசுத்த ஆவி என்மேல் வந்துவிட்டதாக நினைத்து யாரோ கத்தினார்கள். கைதட்டல் கூடியது. எல்லாம் காதில் விழுந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

தறி ஓட்டும் செல்வி அக்கா மட்டும் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு.

"அபிஷேகமாமா! புள்ள சில்லுனு வேர்த்துக் கெடக்குது. பாட்ட நிறுத்திப்போட்டுச் சக்கரை கொண்டாங்க!"

தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. பாட்டு நின்றது.

மருத்துவமனையில் அதைத் தாழ்சர்க்கரை (இரத்தத்தில் சர்க்கரை திடீரென மிகவும் குறைந்துபோவது) என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"மத்தவங்க உங்களுக்கு ஜெபம் பண்ணியிருப்பாங்க" என்றார். பிறகு, "படிச்சவங்கதானே நீங்க?"

மூப்பர் சொன்னதைவிட அது அதிகம் சுட்டது.

ஊழியத்தில் இருக்கும் சகோதரிகளே, நீங்களும் மாத்திரையைப் பைபிள் பையின் அடியில் ஒளித்து வைத்திருக்கலாம். வெளியே எடுத்து வையுங்கள். என்னுடையது இப்போது பிரசங்க மேசைமேல் இருக்கிறது.

போன ஞாயிறு, இனி சாப்பிட்டுவிட்டுத்தான் கூட்டம் நடத்துவேன் என்று பாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது மூப்பர் மறுபடி வந்தார். "சாப்ட்டுப்போட்டு வந்து உபவாசக் கூட்டம் நடத்துனா சனம் சிரிக்காதா, சாமி?"

"சிரிக்கட்டுங்கய்யா. நான் உழுந்ததுக்குக் கை தட்டுன சனந்தானுங்களே."

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் கூட்டம் முடிவதுதான் எனக்கு மதியம். இப்போது பதினொன்றரை ஆனால் கை தானாகக் கழுத்துக்குப் போய் வியர்வை இருக்கிறதா என்று பார்க்கிறது. என் உடம்பு இத்தனை நாள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இன்று வெள்ளி. எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு சபைக்கு வந்தேன். வாசல் கரும்பலகையில், 'உபவாச ஜெபம் பத்து மணிக்கு. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வரவும்' என்று எழுதினேன். 'நடத்துபவர்' என்ற இடத்தில் என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.