பத்தரைக்கு முன்னால்

பெங்களூர் வேலை ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் மூன்று வருடமாக ஒரே கதையைத்தான் சொல்லி வந்தேன். என் வீட்டுக்காரரின் தினசரிக் காலண்டர் என் பிழைப்பைக் கெடுத்தது என்பதுதான் அந்தக் கதை. கல்லூரி ஸ்டாஃப் ரூமில் அதற்கு நல்ல வரவேற்பு. விஞ்ஞானிக்கு வாய்த்த புருசனைப் பார் என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எங்கள் வீடு பள்ளத்தூரில் இருக்கிறது. அவருக்குக் காரைக்குடியில் பெயின்ட் கடை. நான் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை, அதாவது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுகிறவள். என் நிஜமான வேலை வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரில் நடந்தது. விண்மீன் மண்டலங்கள் சுற்றுகிற வேகத்தில் அவை சிதறிப்போயிருக்க வேண்டும். கண்ணில் படுகிற நட்சத்திரங்களின் எடை அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. வேறு ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. இருண்ட பொருள் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம், பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. அதன் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் ஒரே ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் காமா கதிர் வரலாம். நம் பால்வெளியைச் சுற்றி, நட்சத்திரம் குறைவாகவும் இருண்ட பொருள் நிறையவும் உள்ள குட்டி மண்டலங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு விண்வெளித் தொலைநோக்கி பார்த்துச் சேர்த்த தரவு இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். அதில் அந்தக் கதிரைத் தேடினேன். பெங்களூரிலிருந்த ஒரு பேராசிரியை என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விடை எந்த ஆற்றலில் இருக்கலாமோ அந்தப் பகுதியை மூடிவைத்துவிட்டுத்தான் கணக்கு முறையை எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆசை கையைப் பிடித்து எழுதிவிடும். எல்லாச் சோதனையும் முடிந்து, இனி ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகே திறக்கலாம். கடைசிச் சோதனை பூமியின் விளிம்பு. நம் காற்று மண்டலத்திலிருந்து வரும் காமா கதிருக்கும் இருண்ட பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கேயும் அதே ஆற்றலில் வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தால் கோளாறு கருவியில் என்று அர்த்தம்.

அந்த வெள்ளிக்கிழமை திறப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை பெங்களூரில் எனக்கு நேர்காணல். நிரந்தர ஆராய்ச்சி வேலை. நாற்பது வயதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது, எனக்கு நாற்பது முடிய ஆறு வாரம் இருந்தது. கையில் ஒரு முடிவும் பேராசிரியையின் சிபாரிசுக் கடிதமும் இருந்தால் அந்த வேலை எனக்குத்தான் என்று நம்பினேன்.

விளிம்புச் சோதனையைப் பத்துப் பகுதியாகப் பிரித்து ஓட்டியிருந்தேன். அதற்கு முந்தின நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலைவரை கரண்டை நிறுத்திவிட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பது பகுதிதான் முடிந்து, சுத்தமாக இருந்தது. பத்தாவது ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன மணிக்குத் தொறக்கப் போற?"

"பதினோரு மணி ஆகிப்போகும். ஒரு பகுதி இன்னும் முடியல."

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துருமே. அதுக்கு முன்னாடி தொறந்துட்டாத் தேவல."

கதையில் அவர் பேச்சை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன்.

பத்து இருபதுக்குப் பேராசிரியைக்கு, "விளிம்பு சரியாக இருக்கிறது, திறக்கட்டுமா?" என்று செய்தி அனுப்பினேன். உடனே போனில் கூப்பிட்டார்.

"பத்தும் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு மேடம்."

"அப்பத் திறங்க."

திறந்தேன். சமதளத்தில் ஒரு மேடு. நான் ஆசைப்பட்ட மாதிரியே, ஒல்லியாக, நிமிர்ந்து நின்றது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன். என்ன ஏது என்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் கடையை அடைத்துவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்.

பதினொன்றே காலுக்குப் பத்தாவது பகுதி முடிந்தது. கருவிக்குள் மிகச் சாய்வாக நுழைந்த கதிர்கள் அதில் இருந்தன. பூமியின் விளிம்பில், அதே ஆற்றலில், அதே மேடு.

திறப்பதற்கு முன் பார்த்திருந்தால் ஒன்றுமே இல்லை. அந்தச் சாய்வுக் கதிர்களை ஒதுக்கிவிட்டு நிம்மதியாகத் திறந்திருக்கலாம். பேராசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பார்த்தாச்சு. இனிமே நீங்க எதை வெட்டினாலும் நமக்கு வேண்டியபடி வெட்டினதாத்தான் ஆகும். அதைக்கூட விடுங்க. முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே, அதுக்கு நான் என்ன பண்றது?"

சிபாரிசுக் கடிதம் வரவில்லை. நேர்காணலில் அந்த ஆய்வு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், நான் மென்று முழுங்கினேன். ஆறு வாரத்தில் நாற்பது முடிந்தது. இரண்டு வருடம் கழித்துப் பேராசிரியையின் குழு புதுத் தரவோடு முதலிலிருந்து தொடங்கிக் கட்டுரை வெளியிட்டது. கதிர் எதுவும் இல்லை, இருந்தால் இந்த அளவுக்குக் கீழேதான் இருக்க முடியும் என்று முடித்திருந்தார்கள். நன்றி சொன்ன வரியில்கூட என் பெயர் இல்லை. வயிறெரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அந்த வெள்ளிக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் இல்லை. வருடா வருடம் தீபாவளிக்கு முன்பே சொல்லிவைத்து வாங்குகிற மனிதர், வாங்குவதை நிறுத்திவிட்டார். செய்த குற்றம் உறுத்துகிறது போலும் என்று எனக்கு உள்ளூரத் திருப்தி.

போன மாதம் அவருடைய அக்கா வந்திருந்தார். தம்பியை வைத்துக்கொண்டே அவரிடமும் அதே கதையைச் சொன்னேன். அக்கா, "ஏன்டா, படிச்ச பிள்ளையப் போயி இப்புடிக் கெடுத்துட்டியே" என்று தம்பியைத் திட்டிவிட்டுப் பஸ் ஏறினார். வீட்டுக்காரர் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனவர், நின்றார்.

"பாதியத்தான் சொல்ற. முன்னாடி முடியலன்னா அவசரப்படாத, சாயங்காலம் நாலரைக்கு மேலயும் நல்ல நேரம் இருக்குன்னு படியில நின்னு சொன்னேன். ஒனக்குக் கேக்கலையோ என்னமோ."

கேட்டது. தெளிவாகவே கேட்டது. நாலரை என்ன, பதினொன்றே கால்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. மூடியை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே கை அரித்தது. அதற்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது, அவர் ராகுகாலம் என்றார், பிடித்துக்கொண்டேன்.

"பெறகு ஏன் மூணு வருசமா வாயத் தொறக்காம இருந்தீக?"

"யார் மேலயாச்சும் போட்டாத்தானே ஒனக்குத் தூக்கம் வருது. நானா இருந்துட்டுப் போறேன்."

டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.