மேட்டுத் தெருவின் கடைசிக் குழாய்

என் வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் மண்ணுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. மண்ணுக்குக் கீழே ஓடுகிற குழாயைக் கேளுங்கள், படுத்துக்கொண்டே சொல்வார். பெரிய துணிக்கடை ஒன்று திறந்து வருஷமாகிறது, "அது எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்கிறார். "பெரிய லைன் வளைஞ்சு திரும்புதே, அந்த மூலையில" என்றால்தான் புரிகிறது. அவர் தண்ணீர் வாரியத்தில் வால்வு திறக்கிறவர். நெஞ்சுயர இரும்புச் சாவி ஒன்று வைத்திருக்கிறார். தெருவில் இருக்கும் வட்ட மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகினால் தண்ணீர் போகும், திருப்பித் திருகினால் நிற்கும். ஊரே அவரை வால்வுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அதாவது, பெரும்பாலும்.

அவருக்கு வாய் கிடையாது. எனக்கு இருக்கிற வாயில் பாதியை அவருக்குக் கொடுத்திருந்தால் இரண்டு பேருமே உருப்பட்டிருப்போம் என்று என் அம்மா சொல்வாள். ஆனால் காது இருக்கிறதே, அது வேறு. சாவியின் ஒரு முனையை வால்வின் மேல் வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறதா, காற்று அடைத்திருக்கிறதா, எவனாவது மோட்டார் போட்டு உறிஞ்சுகிறானா, எல்லாம் கேட்கும். கல்யாணமான புதிதில், நடுத்தெருவில் இந்த மனிதர் இரும்புக் கம்பியில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்து எனக்கு மானமே போயிற்று. பிறகு பழகிவிட்டது.

அவரைத் தூங்க விடாமல் செய்தது மேட்டுத் தெரு. எங்கள் ஊரின் கடைசித் தெரு அது, பேருக்கேற்ற ஏற்றம். அங்கே குழாய் பதித்து, வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்து, ரிப்பன் வெட்டிக் கைதட்டிவிட்டும் போனார்கள். ஒரு சொட்டு ஏறவில்லை. ஊரின் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் மேலே போகிற அந்தக் குழாயிலிருந்தேதான் கீழ்த்தெரு வீடுகளுக்கெல்லாம் நேராக இணைப்பு. கீழ்த்தெருவை மட்டும் நிறுத்தத் தனி வால்வு எதுவும் இல்லை. ஆளாளுக்கு மோட்டார் வேறு வைத்திருக்கிறோம். நாங்கள் எல்லாரும் உறிஞ்சி முடித்த பிறகு மேடு ஏற அங்கே என்ன மிச்சம் இருக்கும்?

மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கீழே இறங்கி வந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு போவாள். தைக்க வேண்டிய நேரமெல்லாம் தண்ணீருக்கே போய்விடும். ஒரு நாள் என் ரவிக்கையை வாங்கப் போனபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், "இன்னும் கொக்கி வைக்கலக்கா, காலையில தண்ணிக்குப் போயிட்டேன்" என்றாள். அவளைத் திட்டத்தான் போயிருந்தேன். ஊசியை வாங்கி நானே கொக்கி வைத்துக்கொண்டேன்.

வாரத்தில் ஒரு மாலை சபையில் வேதபாடம் நடக்கும். அன்றைக்குப் போதகர் தேவனுடைய ராஜ்யத்தை எடுத்தார். நான் அதுவரைக்கும் அதை மேகத்துக்கு மேலே, செத்த பிறகு போகிற இடம் என்றுதான் வைத்திருந்தேன். போதகர் அப்படி இல்லை என்றார்.

"ராஜ்யம்னா எல்லைக்கல் நட்ட நாடு இல்லம்மா. ஆளுகை. ராஜாவோட சொல் எங்க செல்லுதோ, அங்க அவரோட ராஜ்யம் இருக்கு. பரலோகத்துல அவர் விருப்பம் நடக்குற மாதிரி நம்ம தெருவுல நடந்தா, நம்ம தெருவுக்கு ராஜ்யம் வந்துருச்சுன்னு அர்த்தம். அந்த ராஜாவும் நாம பார்த்த ராஜா மாதிரி இல்ல. துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு மத்தவங்க காலைக் கழுவுன ராஜா. கடைசியில நிக்கிறவனை முன்னால கூப்பிடுறவர்."

என்னால் சும்மா இருக்க முடியுமா? "இயேசு வந்தப்பவே ராஜ்யம் வந்துருச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு ஐயா தினமும் வரணும் வரணும்னு ஜெபம் பண்றோம்?" என்று கேட்டேன்.

"வந்தாச்சு. இன்னும் முழுசா வரல. ரெண்டும் உண்மை."

"அது எப்படி ஐயா? வந்தா வந்தது, வரலன்னா வரல. வாசல்ல ஒரு காலும் வெளியில ஒரு காலுமாவா நிக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. சபையில் அவர் வாய் திறந்து நான் அதுவரை கேட்டதில்லை. "டேங்க்ல திறந்தாச்சு. மேட்டுத் தெருவுக்கு இன்னும் ஏறல. அப்படித்தானே ஐயா?"

போதகர் அவரையே பார்த்தார். "அப்படியேதான் அண்ணே. ஏறாததுக்கு என்ன காரணம்?"

"நாமதான். வழியில இருக்கிறவங்க எல்லாம் எடுத்துக்கிறோம்."

அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

சில நாளில் வாரியத்திலிருந்து பொறியாளர் வந்தார். சின்ன வயசுப் பெண், வெயிலில் கறுத்த முகம், நல்ல மாதிரி. மேட்டுத் தெரு லைனால் பிரயோஜனமில்லை, அடைத்துவிடு என்று மேலிடத்து உத்தரவு. "நான் இன்னும் ஒரு தடவை சோதனை வச்சுப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கேன் அண்ணா. ஒரே ஒரு தடவை கடைசிக் குழாய் வரைக்கும் ஏறிடுச்சுன்னா, கீழ்த்தெருவுக்குத் தனி வால்வு போட்டு, மேட்டுத் தெருவுக்குன்னு தனி நேரம் நான் வாங்கித் தந்துடுவேன். ஏறலன்னா அன்னைக்கே அடிவாரத்துல மூடி போட்டு அடைச்சுடணும். அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் திறக்க முடியாது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். "கீழ இருக்கிற அத்தனை வீடும் ஒரு நாள் காலையில மட்டும் குழாயை மூடி வச்சா ஏறும். என் சாவியால அதைச் செய்ய முடியாது. அவங்க அவங்களா மூடணும்" என்றார்.

"அப்ப போய்க் கேளுங்க."

"எனக்குப் பேச வராது."

"எனக்கு வரும்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் யாரும் கிடையாது.

முதலில் எங்கள் வீட்டு மோட்டாரின் வயரைப் பிடுங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். பிறகு வீடு வீடாக ஏறினோம். நான் முன்னால், அவர் சாவியோடு பின்னால். சபைப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். போதகரும் வந்தார். சில வீட்டில் உடனே சரி என்றார்கள். சில வீட்டில் கதவைப் பாதி திறந்து முகத்தை மட்டும் காட்டினார்கள். ஓய்வு பெற்ற மேனேஜர் ஒருவர், வாசலில் புல்வெளி வளர்க்கிறவர், எங்களை நிற்கவைத்தே வாதாடினார்.

"அவங்க மேட்டுல வீடு கட்டினதுக்கு நாங்க பல்லு தேய்க்காம இருக்கணுமா?"

"ஒரு காலைக்குத் தேய்க்காட்டி என்ன சார்? யாரும் கிட்ட வர மாட்டாங்க, நிம்மதியா பேப்பர் படிக்கலாம்" என்றேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "நான் மூடிடுறேன் அக்கா, நீங்க போங்க" என்றாள். அந்த வீட்டில் யார் சொல் செல்லும் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வீடு விடவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்தது, தொண்டை கட்டியது, ஆனால் கீழ்த்தெருக்கள் மொத்தமும் எங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டன.

சோதனைக் காலை வந்தது. பொறியாளரும், அடைப்பதற்கு இரும்பு மூடியோடு இரண்டு ஆட்களும் வந்து நின்றார்கள். மேட்டுத் தெரு முழுக்க வாசலில் குடம், வாளி, சட்டி. என் வீட்டுக்காரர் தொட்டியில் திறந்துவிட்டு ஏறி வந்தார். போதகர் கடைசி வீட்டுக் குழாயின் முன்னால் நின்று கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். தையல்காரி குழாயைத் திறந்து கையை ஏந்தினாள். உஸ்ஸென்று காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றார் பொறியாளர். பார்த்தோம். வரவில்லை. அவர் வாட்சைப் பார்ப்பதும் எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். எந்தப் பாவி வாக்குக் கொடுத்துவிட்டுத் திறந்தான்? அந்த மேனேஜர்தான் என்று மனசுக்குள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அடிவாரத்துக்கு இறங்கினார், நாங்களும் போனோம். அடிவாரத்து வால்வில் சாவியை வைத்துக் காதை ஒட்டினார். "எங்கயோ மோட்டார் ஓடுது" என்றார். பொறியாளர் இரும்பு மூடிக்காரர்களைக் கையமர்த்தினார். இவர் இறங்கி நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன், போதகரும் வந்தார். ஒவ்வொரு வட்ட மூடியிலும் நின்று கேட்டார். மேனேஜர் வீட்டு முன்னால் சத்தமில்லை. மனிதர் பல் தேய்க்காமல் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். மனசுக்குள் திட்டியதையெல்லாம் மனசுக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்டேன். அடுத்த தெரு, அதற்கும் அடுத்த தெரு. ஒரு மூடியில் அவர் காதை வைத்தவர் எடுக்கவே இல்லை. நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

எதிரே எங்கள் ஜெபக்கூடம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்கு ஆளை முழுக்குகிற தொட்டியை நிரப்ப, சோதனைக்கு முந்தின நாளே தானியங்கி மோட்டாரைப் போட்டுவிட்டிருந்தார் போதகர். தண்ணீர் வந்தால் அதுவாக ஓடும், யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. ஊரில் அத்தனை வாசலையும் தட்டினோம், ஆண்டவர் வாசலைத் தட்ட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மேலே போதகர் தண்ணீருக்காக உருகிக்கொண்டிருந்த அதே நேரம் கீழே அவருடைய மோட்டார்தான் அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ அண்ணே, வழியில இருந்தது நான்தான்" என்றார் போதகர். அடுத்த நொடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சாவிக்கொத்து கையிலிருந்து நழுவியது, எடுத்தார், மறுபடி நழுவியது. நான் பிடுங்கித் திறந்தேன். அவர் உள்ளே பாய்ந்து மெயின் சுவிட்சையே இறக்கினார். தொட்டி முக்கால் நிரம்பியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது. "வாங்கம்மா, ஓடுவோம்" என்றார்.

நாங்கள் மேட்டில் பாதி ஏறும்போதே மேலே சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் கத்தினார்கள், அடுத்த வீட்டில் கத்தினார்கள், அப்படியே ஏறிக்கொண்டே போனது. மூச்சிரைக்கக் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். குழாய் இருமியது. துருநிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு தண்ணீர், வெள்ளை வெளேரென்று, என் கையளவு தடிமனில், நிற்காமல் கொட்டியது. தையல்காரியின் பெண்கள் இரண்டும் அதற்கடியில் தலையைக் கொடுத்தன. பொறியாளர் அடைக்க வந்த ஆட்களைப் பார்த்து, "வண்டியில ஏத்துங்க, கிளம்பலாம்" என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பற்றிப் பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, அதை அந்தத் தெருவே கேட்கும்படி சொன்னேன்.

தையல்காரி ஒரு குடம் பிடித்தாள். இரண்டாவது குடத்தை எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டுக் குழாயை மூடினாள்.

"ஏம்மா மூடுற? பிடி, பிடி, இன்னைக்கு உன்னோட நாள்" என்றேன்.

"ஒரு குடம் போதும்கா. கீழ எல்லாரும் விடிஞ்சதுல இருந்து மூடி வச்சிருக்காங்களே. அங்கயும் பிள்ளைங்க இருக்கும்ல?" பிறகு பக்கத்து வாசல்களைப் பார்த்து, "ஆளுக்கு ஒரு குடம் பிடிச்சுட்டு மூடிடலாமா?" என்று கேட்டாள்.

எத்தனை வருஷமாகக் காய்ந்து கிடந்த தெரு அது. ஒருத்தராவது முணுமுணுப்பார்கள் என்று பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு குடம் நிரம்பியது, ஒவ்வொரு குழாயும் மூடியது. என் வீட்டுக்காரர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம், "சரிம்மா, நீ சொன்னபடியே செஞ்சுடலாம்" என்றார்.

செருப்பைக்கூடத் தேடாமல் நான் கீழே ஓடினேன். கண்ணில் தண்ணீர், தொண்டை கட்டிப்போன குரல், இருந்தும் ஒரு வாசல் விடாமல் கத்தினேன்: "திறங்க, எல்லாரும் குழாயைத் திறங்க, மேட்டுத் தெரு சொல்லிடுச்சு!"