நோம்பிக்குப் போன கார்

கருப்புசாமியின் அப்பன் பண்ணையத்தில் மாடு மேய்த்தவர். கருப்புசாமி சூலூருக்கு வந்து விசைத்தறி ஓட்டி, ஃபிட்டராகி, தலை நரைத்த பிறகு ஒரு கார் வாங்கினார். மூன்று கை மாறிய பழைய வெள்ளைக் கார்தான். மாரியம்மன் கோயில் நோம்பிக்குப் பெண்டாட்டி பிள்ளையோடு சொந்தக் காரில் பிறந்த ஊருக்குள் போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த தெரு அது. அதில் ஹாரன் அடித்துக்கொண்டு போக ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

காலேஜ் படிக்கும் மகன் கதிருக்குக் கார் என்றால் உயிர். எல்லாம் போனில்தான். எந்தக் கார் பாதுகாப்புக்கு எத்தனை ஸ்டார் வாங்கியது, எதன் கதவைச் சாத்தினால் என்ன சத்தம் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கண்ணால் பார்த்திராத கார்களைப் பற்றி ரீல்ஸ் போட்டே நாலாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்தான். சீனி சர்க்கரை சித்தப்பா, ஏட்டில் எழுதி நக்கப்பா என்கிற கதை. வாசலில் நின்ற காரை மட்டும் அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கூடப் படிக்கிறவன் ஒருவன் அதைப் படம் பிடித்து, ‘அண்ணனோட சூப்பர் கார்’ என்று இன்ஸ்டாவில் போட்டுவிட்டானாம். அதிலிருந்து பையன் வாசல் பக்கமே தலைகாட்டுவதில்லை.

நோம்பியன்று காலையில் கதிர் புதுச் சட்டையோடு வந்து, காருக்கு எட்டவே நின்றான்.

“நீங்க போங்கப்பா. நான் பஸ்ஸுல வாரேன்.”

“ஏன் கண்ணு, பின்னால சீட்டு காலியாத்தான கெடக்குது?”

“அங்க ஆளாளுக்குப் போன வெச்சுட்டு நிப்பாங்க. இந்த டப்பாவுல இருந்து நான் எறங்கறத எவனாச்சும் வீடியோ எடுத்துப் போட்டா, என்ர பேஜ் அவ்வளவுதான்.”

டப்பா. கருப்புசாமி கையை ஓங்கிவிட்டார்.

“ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க” என்று செவ்வந்தி நடுவில் வந்து, புருசனைக் காருக்குள் ஏற்றினாள்.

ஊரில் கோயில் பந்தலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி இறங்கினார்கள். பண்ணையத்துக்காரர் நஞ்சுண்டன் பந்தலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“யாரூட்டு வண்டி, கருப்பா? டிரைவர் வேலைக்குப் போறயா?”

“நம்மளுதுங்க. சொந்தமா வாங்கிப்போட்டனுங்க.”

“அப்படியா? பையன எங்க காணோம்?”

ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. “பஸ்ஸுல வாரானுங்க.”

நஞ்சுண்டன் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “சொந்தக் காரு வெச்சிருக்கறவன் பையன் பஸ்ஸுல வருவானா? ஓனரு தேடறதுக்குள்ள கொண்டுபோயி உட்டுரு.”

ஆர்சி புத்தகம் காருக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். இவருக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது கருப்புசாமிக்கு.

அதற்குள் பஸ் வந்து நின்றது. கதிர் இறங்கிப் பந்தலுக்குள் வந்தான். நஞ்சுண்டன் அவனைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

“ஏந்தம்பி, இது யாரூட்டுக் காரு?”

கதிர் அப்பாவைப் பார்த்தான். போனைத் தூக்கிப் பிடித்து நின்ற பையன்களையும் பார்த்தான்.

“தெரியலீங்க” என்றான்.