பெயர் எழுதிய ஓட்டுச்சீட்டு

எழுபத்தெட்டாம் ஆண்டு பொதுத்தேர்தல் சமயம். மலேசியாவில் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். வயது இருபத்து மூன்று. ஆபீசில் மேசை நாற்காலி கிடைத்துவிட்டதால், எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

எங்கள் தோட்டத்தில் கைநாட்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. பாலுக்காக ரப்பர் மரப்பட்டையைச் சீவப் புது உளி வாங்கினாலும், லீவு கேட்டாலும் கட்டைவிரலை மையில் உருட்ட வேண்டும். "கைநாட்டு இல்லாத தாள் செல்லாது" என்று தினமும் கத்துவது நான்தான்.

அங்கே பால்மரம் வெட்டும், அதாவது பட்டை சீவிப் பாலெடுக்கும், அக்கா ஒருவர் இருந்தார். பல வருடம் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்து, அப்போதுதான் குடியுரிமை கிடைத்து நீல அட்டை வாங்கியிருந்தார். நாற்பத்தைந்து வயதில் முதல் ஓட்டு. "ஓட்டுப் போடப் போற எடத்துல கட்டைவிரலை நீட்ட மாட்டேன் தம்பி. எம்பேரை எழுதக் கத்துக்குடு" என்று வந்து நின்றார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஞாயிறன்று காலியாக இருக்கும். பூசைக்குப் போய் வந்த கையோடு அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். மூன்று மாதத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டில் வேண்டியவருக்கு நேரே பெருக்கல் குறி, எங்கள் பேச்சில் பங்கா, போட வேண்டும் என்றும் காட்டினேன். அத்தோடு பாடம் முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் தோட்டத்து லோரியில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நான் முதலிலேயே போட்டுவிட்டு வாசல் மரத்தடியில் நின்றேன். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

"பங்கா போட்டு, கீழ எம்பேரையும் சுத்தமா எழுதிட்டேன் தம்பி. பேர் இல்லன்னா நம்ம ஓட்டை வேற யாராச்சும் எடுத்துக்குவாங்கல்ல?"

போட்டவர் யாரென்று தெரியும்படி எழுதினால் அந்தச் சீட்டு செல்லாது. விதி எனக்குத் தெரியும், சொல்லத்தான் தோன்றவில்லை. சீட்டும் பெட்டிக்குள் போய்விட்டது.

சொல்லாமல் விட்டுவிடலாம், சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். உண்மையில் என் வாத்தியார் மரியாதை போய்விடுமே என்ற பயம்தான் அதிகம். ஆனால் மற்றப் பெண்கள் எல்லாரும் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மென்று விழுங்கிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப என் ஓட்டு?" என்றார்.

"எண்ண மாட்டாங்கக்கா."

கொஞ்ச நேரம் தன் நீல அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நன்றாகத் திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவரோ விறுவிறுவென்று வரிசைப் பக்கம் நடந்தார்.

"யாரும் பேர் எழுதாதீங்க லா. பங்கா மட்டும் போடுங்க. நான் எழுதிக் கெடுத்துட்டேன்."

ஒவ்வொருவரிடமும் நின்று அதையே சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. கிராணி சொல்லித்தரவில்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் மரத்தடியிலேயே நின்றேன். போய்ப் பக்கத்தில் நின்று "தப்பு என்னுடையது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த அக்கா, "இந்தத் தடவ நான் யாருன்னே காட்டிக்கல தம்பி" என்று சிரித்தார். அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். "அட, போ" என்று லோரி ஏறிவிட்டார்.

இன்றும் ஓட்டுச்சீட்டைக் கையில் வாங்கினால், தன் ஓட்டு போன பிறகும் அடுத்தவர் ஓட்டைக் காப்பாற்ற வரிசையை நோக்கி நடந்த அவரும், மரத்தடியை விட்டு நகராத நானும்தான் நினைவுக்கு வருகிறோம்.