கஸ்பாரேயை யாரும் சுடவில்லை

இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் பல்லாரோ சந்தையில் நின்ஃபாவிடம் வாய் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. எலுமிச்சைக்காரன் ஒருமுறை வாடல் பழம் நாலைந்தை அவள் கூடையில் தள்ளிவிடப் பார்த்தான். அவன் குடும்பத்தில் அழுகிப்போனவர்கள் எத்தனை பேர் என்று அவள் சந்தை முழுக்கக் கேட்கும்படி பட்டியல் போட்டாள். அவளுக்குக் கோபம் கூடவே பிறந்தது என்று புதிதாக வந்தவர்கள் நினைத்தார்கள். பழைய ஆட்களுக்குத்தான் தெரியும், இளவயதில் அவள் சிரிப்புச் சத்தம் மீன்கடை வரைக்கும் கேட்கும் என்பது.

அவள் தொழில் குடல் சுடுவது. ஆட்டுக் குடலைக் கழுவி, வெங்காயத்தாளின் மேல் இறுக்கிச் சுற்றி, கரியடுப்பில் வாட்டி, துண்டு போட்டு, உப்பும் எலுமிச்சையும் தூவிக் காகிதத்தில் வைத்துத் தருவாள். ஸ்டிக்கியோலா என்று அதற்குப் பெயர். அப்பா வைத்திருந்த அடுப்பு. அவர் முடியாமல் படுத்ததும் அது அவளிடம் வந்தது.

அவள் புருஷன் கஸ்பாரே கொத்தனார். ஒல்லியான மனிதர். வயிற்றுப்புண் வேறு. காரம் ஆகாது, மது ஆகவே ஆகாது. ஊரே திராட்சை மது ஊற்றிக் கொண்டாடிய தன் கலியாணத்திலும் அவர் பாதாம் பாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குடல் வாடையும் அவருக்குப் பிடிக்காது. இருந்தாலும் வேலை முடிந்து வரும்போதெல்லாம் புகை வராத பக்கமாக நின்றுகொண்டு அவள் அடுப்பை ஒதுக்கி வைக்கும்வரை காத்திருப்பார்.

பழைய மாளிகை ஒன்றின் முகப்புக்குப் பூச்சு வேலை நடந்தபோது மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து பலகை முறிந்து விழுந்து அவர் இறந்தார். இடுப்பில் கட்டக் கயிறு கிடையாது. தலைக்கவசமும் கிடையாது. காண்ட்ராக்டர் கூசுமானோ அதே பேட்டைக்காரர்தான். சாவு வீட்டுக்கு எல்லாவற்றிலும் பெரிய மலர்வளையம் அவரிடமிருந்துதான் வந்தது. பிறகு விசாரணை வந்தபோது, கஸ்பாரே மத்தியானம் குடித்துவிட்டு மேலே ஏறினார் என்று அவர் சொன்னார். மேஸ்திரியும் ஆமாம் என்றார். வழக்கு இழுத்து இழுத்துக் கடைசியில் அப்படியே முடிந்தது. தப்பு செத்தவர் மேல் என்று ஆயிற்று.

சந்தையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேரின் அண்ணன் தம்பிகள் கூசுமானோவிடம் வேலை பார்த்தார்கள். நின்ஃபாவும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டுப் பெற வேண்டிய சாட்சி அவளுக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அன்றைக்கு நின்ற சிரிப்புதான்.

வருஷங்கள் போயின. சந்தைக்கு வெளிநாட்டுக் கூட்டம் வரத் தொடங்கியது. குடை பிடித்த வழிகாட்டி ஒருவன் முன்னால் நடக்க, பின்னால் பத்துப் பதினைந்து பேர் கடை கடையாக நின்று தின்றுகொண்டு போவார்கள். கடலைமாவு வடை ஒரு கடையில், மண்ணீரல் வைத்த ரொட்டி இன்னொரு கடையில், குடல் நின்ஃபாவிடம். அவளிடம் வரும் கூட்டத்தை ருஜேரோ கூட்டி வந்தான். அடுத்த சந்துப் பையன். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது அவன் அம்மாவுக்கு உதவியாக நின்ஃபா பக்கத்தில் உட்கார்ந்து விசிறியிருக்கிறாள். படித்தான், இங்கிலீஷ் கற்றான், இந்த வேலைக்கு வந்தான். அவளுக்குச் சந்தோஷம்தான்.

அடுப்புக்கு முன்னால் நின்று அவன் இங்கிலீஷில் நெடுநேரம் பேசுவான். நின்ஃபாவுக்கு அது புரியாது, சந்தைக் கூச்சலில் அவள் காது கொடுப்பதும் இல்லை. கேட்கிறவர்கள் முகம் மாறும். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். புகையில் கண் எரிகிறது போலிருக்கிறது என்று நின்ஃபா விசிறியை மறுபக்கம் திருப்புவாள். சிலர் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போவார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். குடல் இவ்வளவு பிடித்துவிட்டதா இவர்களுக்கு என்று அவள் ஆச்சரியப்பட்டதுண்டு.

வசந்தத்தில் ஒருநாள் அந்தக் கூட்டத்தில் அர்ஜென்டினாக்காரி ஒருத்தி இருந்தாள். தாத்தா இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியிலிருந்து கப்பலேறிப் போனவராம். வீட்டில் பேசிப் பேசி அவளுக்கு இத்தாலியன் வந்தது. மற்றவர்கள் ருஜேரோவோடு நகர்ந்த பிறகும் அவள் மட்டும் பின்தங்கி, நின்ஃபாவின் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரரை இதே இடத்துல வச்சுச் சுட்டாங்கன்னு கேட்டதுலருந்து எனக்கு மனசே ஆறலைங்க. மறுநாளே இங்க வந்து அடுப்பு மூட்டினீங்களாமே. அந்தத் தைரியம் யாருக்கு வரும்?"

"யாரைச் சுட்டாங்க?" என்றாள் நின்ஃபா.

"கஸ்பாரேயை."

புருஷன் பெயரை முன்பின் தெரியாத ஒருத்தி வாயிலிருந்து கேட்டதும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. வந்தவளும் புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று பயந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். அடுப்பில் கிடந்தது கருகியது. நின்ஃபா அதை அப்படியே விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள்.

எதிரே அகோசுவா முடி பின்னும் கடை வைத்திருந்தாள். கானா நாட்டுக்காரி, இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ருஜேரோ என் அடுப்படியில் நின்று தினமும் என்ன சொல்கிறான் என்று நின்ஃபா கேட்டதும் அவள் சீப்பை இறக்கி வைத்துவிட்டு, தெரிந்த கதைதானே என்பது போலச் சொன்னாள். மாஃபியாக்காரர்கள் மாமூல் கேட்டார்கள். கஸ்பாரே கொடுக்க மாட்டேன் என்றார். பட்டப்பகலில் எல்லார் கண்ணெதிரிலும் சுட்டார்கள். மறுநாள் காலையில் அவர் விழுந்த இடத்திலேயே இந்த அம்மா அடுப்பை மூட்டினாள். அடுப்புக்குக் கீழே அந்தக் கல்லில் கறை தெரிகிறதே, அது அவர் ரத்தம்.

"அது குடல் கொழுப்புடி," என்றாள் நின்ஃபா.

அகோசுவா வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் நெஜம்னுல்ல நெனச்சேன்க்கா. என் கடைக்கு வர்றவங்ககிட்டகூடச் சொல்லியிருக்கேன். அந்தம்மாகிட்ட மரியாதையா நடந்துக்கோங்க, அவங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதுன்னு."

அன்று வீட்டுக்குப் போன நின்ஃபா சாப்பிடவில்லை. கூசுமானோ சொன்ன பொய் ஒரு பக்கம் இருந்தது. அது கஸ்பாரேயைக் குடிகாரராக்கியது. இப்போது இவன் சொன்ன பொய் அவரை வீரராக்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், காலில் சுண்ணாம்பு அப்பிய செருப்போடு, இடுப்பில் கயிறில்லாமல் பலகையில் நின்ற மனிதர் எங்கே போனார்? அவரை யாருக்குமே வேண்டாமா?

மறுநாள் ருஜேரோ குடையோடு வந்தான். "சித்தி, சௌக்கியமா?" என்று கன்னத்தில் முத்தமிட வந்தவனுக்கு அவள் முகத்தைக் கொடுக்கவில்லை. அவன் அதைக் கவனிக்காமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கதையை ஆரம்பித்தான். அவள் காத்திருந்தாள். கஸ்பாரே என்ற பெயர் வந்தது. குனிந்து கல்லைக் காட்டினான். எல்லாத் தலையும் குனிந்தது. நின்ஃபா குடல் அலசிய தண்ணீர் வாளியைத் தூக்கி அடுப்பில் கொட்டினாள்.

கரி சீறிச் சாம்பலும் ஆவியுமாக எழும்பியது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. ருஜேரோ சட்டையெல்லாம் சாம்பலாக நின்றான்.

"எங்கடா சுட்டாங்க அவரை? தலையிலயா, நெஞ்சுலயா? பொண்டாட்டி நான், எனக்கும் சொல்லு."

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, அப்புறம் பேசிக்கொள்ளலாம், இவர்கள் முன்னால் வேண்டாம் என்று கெஞ்சினான். இந்தக் கதையால்தானே இத்தனை பேர் உன் கடைக்கு வருகிறார்கள், நான் உனக்குக் கெடுதலா செய்தேன் என்றும் கேட்டான். அவள் இடுக்கியைக் கீழே வைக்காமல் நின்றதைப் பார்த்து, கடைசியில் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டான்.

"ஒரு கொத்தனார் சாரத்துலருந்து விழுந்தார்னு சொன்னா யாரு சித்தி நின்னு கேப்பாங்க? அது அவங்க ஊர்லயும்தான் நடக்குது."

"அப்போ அவங்களுக்குப் புரியும்லடா," என்றாள் நின்ஃபா.

அவள் அகோசுவாவைக் கூப்பிட்டாள். அகோசுவா பாதி பின்னிய தலையோடு ஒரு பெண்ணை நாற்காலியில் விட்டுவிட்டு வந்து நின்றாள். நான் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இவர்களுக்குச் சொல் என்றாள் நின்ஃபா. என் புருஷனை யாரும் சுடவில்லை. பலகை முறிந்து விழுந்தார். கயிறு கொடுக்கவில்லை. குடித்திருந்தார் என்று பொய் சொன்னார்கள். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. இந்தக் கல்லில் இருப்பது ஆட்டுக் கொழுப்பு. அவ்வளவுதான்.

அகோசுவா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கையில் படம் பிடிக்கும் கருவியோடு நின்ற ஒருத்தி அதை மெல்லப் பைக்குள் வைத்தாள். இரண்டு பேர் ருஜேரோவை முறைத்தார்கள். பின்வரிசையில் நின்ற கட்டையான ஆள் ஒருவன், கை முழுக்கக் காய்ப்பு, ஏதோ கேட்டான். அவன் போலந்துக்காரன், கூரை வேலை செய்கிறவன், அந்தக் காண்ட்ராக்டர் யார் என்று கேட்கிறான் என்றாள் அகோசுவா.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை. தெரியும் என்பதால்தான் அவளும் சொன்னதில்லை. நின்ஃபா தலையை நிமிர்த்தி, தன் பழைய சிரிப்பு எட்டிய தூரத்துக்குக் கேட்கும்படி, "கூசுமானோ" என்றாள்.

பக்கத்துக் கடைகளில் விலை கூவிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெயர் உரியவர் காதுக்குப் போய்ச்சேர அதிக நேரம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கையில் இனிப்புப் பெட்டியோடு, கூசுமானோ நேராக அவள் அடுப்புக்கு வந்தார். தலை நரைத்து, நல்ல கோட்டுப் போட்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"பாருங்கம்மா, கோர்ட்டுல முடிஞ்ச விஷயம். வெளியூர்க்காரங்க முன்னாடி என் பேரை இழுத்தா நானும் வக்கீலைப் பாக்க வேண்டியிருக்கும். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது."

"போய்ப் பாருங்க. பாத்து, கேஸ் போடுங்க. அப்பயாவது மறுபடி கேப்பாங்கல்ல, அந்த மனுஷன் எந்தக் கடையில குடிச்சாரு, யாரு ஊத்தினாங்கன்னு. இந்தச் சந்தையில ஒரு ஆளைக் காட்டுங்க, அவர் குடிச்சுப் பாத்தேன்னு சொல்ல. ஒரே ஒரு ஆள்."

கூசுமானோ சுற்றிலும் பார்த்தார். யாராவது சிரித்துச் சமாளித்துவிடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். உப்புமீன் விற்கும் தொத்தா என்பவன் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான். கஸ்பாரேக்கு மது ஆகாது, அவர் கலியாணத்திலேயே பாதாம் பால்தான் குடித்தார், நான்தான் ஊற்றிக் கொடுத்தேன் என்றான். ஆலிவ் கடைக்காரியும் ஆமாம் என்றாள். அவள் புருஷன் தலையாட்டினான். அங்கே கயிறு இருந்ததே இல்லை, என் தம்பியும் அதே சாரத்தில்தான் நின்றான் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

கூசுமானோ இனிப்புப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வந்த வழியே போனார்.

எல்லாரும் நின்ஃபாவைப் பார்த்தார்கள். அழுவாள், நன்றி சொல்வாள், குறைந்தது உட்காருவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தொத்தாவின் பக்கம் திரும்பினாள்.

"இதை அன்னைக்கு எங்கடா வச்சிருந்தே? மீனுக்கு அடியிலயா?"

தொத்தா தரையைப் பார்த்தான். "தம்பி அவர்கிட்ட வேலையில இருந்தான் நின்ஃபா."

"எனக்கும் ஒருத்தர் இருந்தார்," என்றாள். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயத்தாளை நறுக்கத் தொடங்கினாள். கூட்டம் கலைய வெகுநேரம் ஆயிற்று.

வழக்கு எதுவும் வரவில்லை. பழைய வழக்கைத் திரும்பத் திறக்கவும் முடியாது என்று வக்கீல் ஒருத்தி சொன்னாள். மேஸ்திரி எப்போதோ செத்துப்போயிருந்தார். கூசுமானோ அதன்பிறகு சந்தை வழியாக வருவதை நிறுத்திக்கொண்டு, கோயிலுக்குச் சுற்றுப் பாதையில் போனார். அதனால் நின்ஃபாவின் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. தொத்தாவோடு அவள் ஒரு வருஷம் பேசவில்லை. அவன் தினமும் நல்ல மீனாகப் பார்த்து அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவான். அவள் அதை வாசலில் பூனைக்கு வைத்துவிடுவாள்.

ருஜேரோ ரொம்ப நாள் கழித்து, குடையில்லாமல், தனியாக வந்தான். தான் செய்தது தப்பு என்றான். இனிமேல் நிஜக் கதையையே சொல்கிறேன், அந்தப் போலந்துக்காரர் மாதிரி கேட்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், கூசுமானோ பெயரைக்கூடச் சொல்கிறேன் என்றான். அவன் மனதாரத்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது.

"வேணாம். அவர் பேரு உன் வாயிலயே வரக்கூடாது. பொய்யாவும் வேணாம், நெஜமாவும் வேணாம். குடலைத் திங்க வர்றாங்க, குடலைப் பத்திச் சொல்லு."

"என்ன சித்தி சொல்றது அதைப் பத்தி?"

"எத்தனை தடவை அலசுறோம், எப்படித் திருப்பிப் போட்டுச் சுரண்டுறோம்னு சொல்லு. தெரியாதா? உக்காரு."

முக்காலியை அவன் பக்கம் தள்ளி, வாளியையும் உப்பையும் எடுத்து வைத்தாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வழுக்கும் குடலைப் பிடிக்கத் தெரியாமல் முகத்தைச் சுளித்தான். இரண்டு தடவை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் அம்மா, மாமன், வாத்தியார் என்று ஒருவரை விடாமல் இழுத்து அவள் திட்டிக்கொண்டே இருந்தாள்.